அம்மன் சேலை காட்டிய காற்று

ஆகாயத்திலிருந்து குதிக்கிறவர்களுக்குப் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் அம்மாவைச் சந்தித்ததில்லை. ஹெலிகொப்டரின் கதவோரம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கீழே மேகம் போவதைப் பார்க்கும்போது வராத நடுக்கம், அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு "இங்க வா புள்ள, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றால் எனக்கு வந்துவிடும்.

நான் பாராசூட்டில் குதிப்பதையே பிழைப்பாகக் கொண்டவள். ஊவா மலைநாட்டில் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள், இப்போது வளைகுடா நாடொன்றில் வேலை. ஊருக்கு வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அக்காமார் என்ன வேலை என்று விசாரிப்பார்கள். உண்மையைச் சொன்னால் மெதுவாக வேறு சீட்டுக்கு மாறிவிடுகிறார்கள். அதனால் "துணி மடிக்கிற வேலைங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

அது பொய்யும் இல்லை. நான் போனது துணி மடிக்கத்தான். ஒரு பாராசூட் கிளப்பில், குதிக்கிறவர்கள் போடும் உடுப்புகளைத் துவைத்து மடித்து அடுக்கும் வேலை. என் மடிப்பு சுத்தமாக இருப்பதைப் பார்த்து, பாராசூட் மடிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். தான் மடித்த பாராசூட்டில் தானே குதிக்கிற ஆள்தான் ஒழுங்காக மடிப்பான் என்று அங்கிருந்த பயிற்சியாளர் ஒருநாள் யாரையோ பார்த்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் ரோஷக்காரி, போய்க் குதித்துவிட்டேன். அப்படித் தொடங்கியதுதான். பயிற்சி, பரீட்சை, திரும்பவும் பயிற்சி என்று போய், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் வந்து நின்றேன். வீட்டுக்கு போன் எடுக்கும்போது அம்மா வேலையைப் பற்றிக் கேட்டால் துணி மடிக்கிறேன் என்றே சொல்லிவந்தேன். மடித்த துணியை முதுகில் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து வெளியே போகிறேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். (அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு குத்தமா?)

குட்டு உடைந்தது வெலிமடையில் இருக்கும் என் சித்தி மகளால். அவள் எங்கேயோ என் வீடியோ ஒன்றைப் பிடித்து, பெருமையோடு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். யாரோ ஒரு பாவப்பட்ட பெண் விமானத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று அம்மா முதலில் உச்சுக்கொட்டியிருக்கிறார். பிறகு அந்தப் பாவப்பட்ட பெண் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறாள். அந்தப் பல்லை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

பல நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் பேசியபோது சத்தம் போடவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"எங் கண்ணு முன்னாடி ஒரு தடவ குதி. நல்லபடியா எறங்குனா, இனிமே இதப் பத்தி வாய் தொறக்க மாட்டேன். இல்லன்னா அன்னையோட எல்லாத்தையும் விட்டுப்புட்டு வீட்டோட இரு. ரெண்டுல ஒண்ணு."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அவர் காய்ச்சிய பாயசத்தில் இனிப்பு குறைவு என்று எப்போதோ வாய்விட்டுச் சொன்ன மாமா ஒருவர் இருக்கிறார். அன்று அவரோடு நிறுத்திய பேச்சை, மாமா பேரன் பேத்தி எடுத்த பிறகும் அம்மா தொடங்கவில்லை. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். குதிப்பதை விட்டால் எனக்கு உயிர் இருக்காது. அம்மா பேசாவிட்டாலும் இருக்காது. சரி என்று ஒத்துக்கொண்டேன்.

வாய்ப்பு தானாக வந்தது. ஊவா மலைகளைக் காட்டி விளம்பரப் படம் எடுக்க ஒரு சுற்றுலாக் கம்பனி, பாராசூட்டில் குதிக்கத் தெரிந்த உள்நாட்டுப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்கள் கியூவில் நிற்கவில்லை என்பதால் என்னிடம் வந்தார்கள். எங்கள் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில்தான் இறங்குவேன், அதுவும் ஆடித் திருவிழா அன்றுதான் இறங்குவேன் என்றேன். தேரும் கூட்டமும் படத்துக்கு அழகாக இருக்கும் என்று அவர்களுக்கும் வாய் ஊறியது. அனுமதி, ஹெலிகொப்டர் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையை வெட்டி எடுத்த நீளமான ஒரு தட்டு அது. ஒரு முனையில் மாரியம்மன் கோவில். மறு முனையில் புல் முடிந்து சரிவு இறங்கும், சரிவின் அடியில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவம். கிரிக்கெட்டில் மடுவத்துப் பக்கம் பந்து போனால் தேடப் போகிறவர் தேநீரும் குடித்துவிட்டுத்தான் வருவார். ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலம். எங்கள் தேயிலைக்கு வாசம் கொடுக்கிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் மெச்சுகிற அதே காற்று, லயத்துத் தகரத்தையும் அவ்வப்போது கழற்றிக்கொண்டு போகும்.

பாராசூட்டில் இறங்குகிறவருக்குக் காற்றுதான் எல்லாம். காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இறங்கினால் அதுவே பிரேக். முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் பிரேக் அறுந்த சைக்கிள். மேலிருந்து காற்றின் போக்கைத் தெரிந்துகொள்ள, தரையில் ஒரு கம்பத்தில் இரண்டு பக்கமும் வாய் திறந்த நீளமான துணிப்பை ஒன்றைக் கட்டுவோம். ஒரு வாயை மட்டும் கம்பத்தில் கட்டி, வாலைக் காற்றின் இஷ்டத்துக்கு விட்டுவிட வேண்டும். வால் எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது. "அந்தத் துணியை நீங்களே கிட்டப் போய்ப் பாருங்கள், அடுத்தவர் கண்ணை நம்பாதீர்கள்" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன்.

ஊருக்கு வந்ததும், துணி பளிச்சென்ற நிறத்தில் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து ஒரு செம்மஞ்சள் சேலையை எடுத்தார். போன வருஷத் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்தி, பிறகு பிரசாதமாக அம்மாவுக்குக் கிடைத்த சேலை. இது உன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அவரே கையால் பை மாதிரி தைத்துக் கொடுத்தார். தைக்கும்போது, இது எதற்கு என்று கேட்டார். நான் அப்போது போனில் கம்பனிக்காரரோடு எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதைப் பற்றி முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தேன். "சும்மா ஒரு அடையாளத்துக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் மற்ற எல்லாவற்றையும் செய்தது.

திருவிழா அன்று காலையில் அண்ணன் முருகேசு மைதானத்தின் ஓரத்தில் மூங்கில் நட்டு, நான் சொன்னபடி சேலைப்பையைக் கட்டினார். மைதானத்தின் நடுவில் தன் இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சிலுவையாக விரித்தார். இறங்க வேண்டிய இடத்துக்கு அது அடையாளம். கம்பனி கொடுத்த ரேடியோவையும் அவரிடம் ஒப்படைத்தேன். கீழே ஏதும் பிசகாகத் தெரிந்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அண்ணன் சல்யூட் அடித்தார். நான் போய் முடி கட்டிக்கொள்ள உட்கார்ந்துவிட்டேன். துணியைக் கிட்டப் போய்ப் பார்த்தேனா? இல்லை. விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிற அந்த அம்மணி, அன்றைக்குக் கண்ணாடியில் நெற்றிப்பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஹெலிகொப்டர் ஏறப் போன பிறகு மைதானத்தில் நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காற்று சற்று நேரம் அடங்கியிருக்கிறது. சேலைப்பையின் வால் தொங்கித் தரையைத் தொட்டிருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒரு ஆடு அதை மெல்லத் தொடங்கியிருக்கிறது. அம்மன் சேலை, தரையில், அதுவும் ஆட்டின் வாயில். அம்மா பதறிப்போய் ஆட்டை விரட்டினார். வாலைத் தூக்கி, கோவில் பக்கம் இருந்த, வலை கட்டும் வொலிபோல் கம்பத்தில் ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டினார். முந்தானை கோவிலைப் பார்த்து இருப்பதுதான் மரியாதை என்றும் நினைத்திருக்கிறார். பார்க்கவும் அழகாக இருந்ததாம். வந்தவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்களாம்.

மேலே நான் குதித்தேன். அந்த நிமிஷத்தைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒரு பக்கம் பதுளைப் பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் நமுனுகுலை மலை, நடுவில் என் ஊர். நான் பிறந்த லயம் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. இந்த மலைகளில் கூடை சுமந்து ஏறியவர்களின் மகள் இவற்றுக்கு மேலே நிற்கிறாள் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. (கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. இதுவும் பாதுகாப்புப் பாடம்தான்.) பாராசூட் பூப்போல விரிந்தது. நான் மடித்ததல்லவா.

கீழே பார்த்தேன். சேலை தெரிந்தது. வால் கோவிலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. காற்று கோவில் பக்கம் போகிறது, நான் மடுவத்தைப் பார்த்து இறங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் கோவில் மடைப்பள்ளிப் புகையும் கண்ணில் பட்டது. அன்னதானக் கிடாரத்துப் புகை. அது மடுவத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

புகையும் சேலையும் ஒன்றுக்கொன்று எதிராகப் போனால், அறிவுள்ள எவரும் இன்னொரு வட்டம் அடித்து யோசிப்பார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கோவில் சுவரில் மோதிப் புகை திரும்பிவிட்டது என்று நினைத்தேன். கிடாரத்துப் புகைக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும், நான் பரீட்சை எழுதியவள். கோவில் பக்கமாக வந்து, மடுவத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

திரும்பிய உடனே விளங்கிவிட்டது. மைதானம் என்னை நோக்கி ஓடி வந்தது. முதுகில் கச்சான் காற்று இரண்டு கையாலும் தள்ளுகிற மாதிரி இருந்தது. அப்போது இன்னும் தாழ வந்துவிட்டதால் சேலை நன்றாகத் தெரிந்தது. இரண்டு கம்பத்துக்கும் நடுவில், வாலில் ஒரு கயிற்றோடு, கொடியில் காயப்போட்ட துணியாக அது இருந்தது. கீழே அண்ணன் கழுத்தை நிமிர்த்திப் போனில் என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ரேடியோ அவருடைய சேர்ட் பையில் இருந்தது.

அந்த இடத்தில் எங்கள் தொழிலில் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். தப்பான பக்கம் இறங்குகிறோம் என்று தெரிந்ததும் கை தானாகத் திருப்பப் பார்க்கும். தாழ வந்த பிறகு வெடுக்கென்று திருப்பினால் பாராசூட் சரிந்து ஆளைத் தரையில் அறைந்துவிடும். வேகமாகப் போய் விழுந்தாலும் நேராகப் போய் விழு, கால் இரண்டையும் சேர்த்து வை, உருளு. மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னதை அன்றைக்கு எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். நேராகப் போனேன்.

தோட்டத் தலைவர் மைக்கில் நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தார். அவர் குரல் மேலே எனக்கே கேட்டது.

"நமது தோட்டத்தின் வீரமங்கை இதோ வந்துகொண்டிருக்கிறார்... வந்துகொண்டிருக்கிறார்... போய்க்கொண்டிருக்கிறார்."

அண்ணனுடைய வேட்டிகளை மிதிக்காமலே தாண்டினேன். முன்வரிசை நாற்காலிகளுக்கு மேலே போனேன். தோட்டத்தை நடத்துகிற துரை குனிந்தார். படம் எடுக்க வந்த கேமராக்காரர் கேமராவைப் போட்டுவிட்டு ஓடினார். எல்லோரும் ஓடிய இடத்தில் ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது அம்மா. ஒரு கணம் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். நான் கும்பிடலாமா என்று கூட யோசித்தேன், கையில் வேலை இருந்தது.

மைதானம் முடிந்தது. பாராசூட்டின் பிரேக் கயிறுகளை முழுதாக இழுத்தேன். கால் புல்லில் பட்டது, பிறகு வேறு எதெல்லாமோ புல்லில் பட்டது. சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போனேன்.

கொழுந்துக்கு நல்ல விலை கிடைக்கிற ஊவா சீசன் என்பதால் தேர் நாளிலும் உச்சிவேளை வரை கொழுந்து எடுத்திருந்தார்கள். மடுவத்து வாசலில் சாக்குப் படங்கை விரித்து அன்றைய கொழுந்தைக் குவித்து, நிறுவைக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியலுக்குள் நான் இடுப்பளவு போய்ச் சொருகி நின்றேன். பின்னாலேயே பாராசூட் வந்து என்னையும் அவர்களையும் தராசையும் கணக்கப்பிள்ளையையும் சேர்த்து மூடியது.

துணிக்கடியிலிருந்து ஒரு அக்கா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்தார். இல்லை என்று உறுதியானதும் கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார்.

"கொழுந்த நசுக்கிப்புட்டியேம்மா. ஃபெக்டரில இத எடுக்க மாட்டாங்க."

"புள்ள வானத்துலருந்து வந்து விழுந்திருக்கு, ஒங்களுக்குக் கொழுந்து கெட்டுப்போச்சாக்கும்" என்றார் அந்த அக்கா. "கொழுந்துல இருக்குற தண்ணிக்கு எடையில கழிக்கிற மாதிரி இதுக்கும் கழிச்சுக்கங்க. இல்ல, இவளையும் சேத்தே நிறுங்க."

எனக்கு ஒரு கீறல் கூட இல்லை. காயம் பட்டதெல்லாம் மானத்துக்குத்தான். மானத்தில் அடிபட்டவர்களுக்கு முதலில் வருவது கோபம். தலைமுடியில் கொழுந்தோடு சரிவில் ஏறினேன். தேர் பார்க்க வந்த கூட்டம் முழுக்க வட்டமாக நின்றது. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, காற்றுத்துணியைக் கட்டிப்போட்டது யார் என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை. மூளை இருக்கிற ஆள் செய்கிற வேலையா, ஒரு உயிரோடு விளையாடியிருக்கிறார்களே, அந்த அறிவாளியின் முகத்தை நான் பார்க்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். தலைவர் மைக்கை அணைக்க மறந்திருந்ததால் அது லயம் லயமாகக் கேட்டது.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நாந்தான். ஆடு தின்னுச்சு, தூக்கிக் கட்டுனேன். நீதானடி சும்மா அடையாளத்துக்குன்னு சொன்ன?"

அம்மா கேட்டபோது ஒரு நிமிஷம் உட்கார்ந்து, இந்தச் சேலைதான் எனக்குக் கண், இது ஆடினால்தான் நான் ஒழுங்காக வருவேன் என்று சொல்லியிருந்தால், அவர் கச்சான் முடியும் வரைக்கும் பக்கத்திலேயே காவல் நின்றிருப்பார். எங்கள் பாதுகாப்புப் பாடங்களில் இல்லாத பாடத்தை அன்றைக்குத்தான் படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது, எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும்.

நிபந்தனை ஞாபகம் வந்தது. நல்லபடியாக இறங்கவில்லை என்பதை ஊரே பார்த்திருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி வீட்டோடுதான் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா கிட்டே வந்து என் முடியிலிருந்த கொழுந்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"எல்லாரும் பதறி ஓடுனாங்க. நீ பதறல. கால சேத்து வச்சுக்கிட்டு நேரா வந்த, நான் ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்." கடைசிக் கொழுந்தையும் எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார். "தப்பான காத்துலயே இப்புடி எறங்குறவ, சரியான காத்துல எறங்க மாட்டியா? போ, ஒன் வேலையப் பாரு."

அழுதேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அம்மா அழவில்லை. மடுவத்துக்காரர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லி அண்ணனை விரட்டப் போய்விட்டார்.

கேமராக்காரர் ஓடிய புண்ணியத்தில் படத்துக்கு ஒரு காட்சியும் தேறவில்லை. மறுநாள் காலையில் திரும்பக் குதிக்க வேண்டியதாயிற்று. இந்த முறை அம்மா யாரையும் நம்பவில்லை. வொலிபோல் கம்பத்துக் கயிற்றைத் தானே அவிழ்த்து, அந்த ஆட்டையும் பிடித்துத் தூரத்தில் கட்டினார். பிறகு மூங்கிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் மேலிருந்து பார்த்தபோது சேலை முழுதாக ஊதிக்கொண்டு, வாலை வீசி வீசிப் பறந்தது. மடைப்பள்ளிப் புகையும் அதே பக்கம் போனது. அண்ணன் ரேடியோவை வாயிலேயே வைத்துக்கொண்டு, "சேலை ஆடுது, சேலை ஆடுது" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். காற்றை முகத்தில் வாங்கி, கோவிலைப் பார்த்து, மெதுவாக இறங்கினேன். இரண்டு வேட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்த அந்த நடுப்புள்ளியில் என் இரண்டு கால்களும் படியிறங்குவது போலப் பட்டன. மடுவத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். கணக்கப்பிள்ளை கொழுந்துக் குவியலுக்கு முன்னால் கையை விரித்துக் காவல் நின்றதை இறங்கிய பிறகுதான் பார்த்தேன்.

அம்மா என்னிடம் வரவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "எம் மக" என்றார். நான் வாங்கிய எந்தப் பதக்கத்தையும் அதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

விளம்பரப் படம் வந்தது, போனது. அந்தக் கொழுந்துக் குவியல்தான் போகவில்லை. இன்றைக்கும் மடுவத்துப் பக்கம் போனால், எத்தனை கிலோ என்று கேட்காமல் என்னை அனுப்ப மாட்டார்கள். எங்கள் குடும்பத்திலோ யார் எதைத் தொடங்கினாலும் முதல் கேள்வி அந்தச் சேலையைப் பற்றியதுதான். அண்ணன் புது ஆட்டோ எடுக்கப் போனபோதும் கேட்டோம், சித்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதும் கேட்டோம். மாப்பிள்ளை வீட்டார் புரியாமல் விழித்தார்கள்.

அம்மா வாக்கைக் காப்பாற்றிவிட்டார். குதிப்பதைப் பற்றி அதன்பிறகு ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. நான் விமானம் ஏறப்போகும் காலைகளில் சரியாக போன் மட்டும் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"சேலை ஆடுதாடி?"

பாலைவனத்து நடுவில், மைதானத்தின் ஓரத்துக்கு நானே நடந்து போய், கம்பத்தடியில் நின்று காற்றுத்துணியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவேன். "ஆடுதும்மா."

"அப்ப போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.